எங்கள் பாடசாலையில் போனும் மத்தேயு பதினெட்டும்

கொழும்பில் ஒரு கிறிஸ்தவப் பாடசாலையில் பதினாறு வருடமாகத் தமிழும் கிறிஸ்தவ பாடமும் படிப்பிக்கிறேன். 2023இல் தரம் 9 பிள்ளை ஒருத்தியின் படம் இன்ஸ்டகிராமில் ஒரு பக்கத்தில் வந்தது. பாடசாலையின் பெயரைச் சுருக்கி, பின்னால் 'கன்ஃபெஷன்ஸ்' என்று சேர்த்த பக்கம். யாரும் எழுதி அனுப்பலாம், அனுப்பியவர் பெயர் வராது. விளையாட்டுப் போட்டியன்று அவள் ஓடி முடித்துக் குனிந்து மூச்சு வாங்கிய நேரம் எடுத்த படம். மேலே எழுதியிருந்ததை நான் இங்கே எழுத மாட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில், ஜெபம் முடிந்த கையோடு மூன்று மாணவர்களை மேடைக்குக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். அவளுடைய பெயரை யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை, அத்தனை தலையும் ஒரே பக்கம் திரும்பியது. அதுவரை படத்தைக் காணாதவர்களும் அன்று மாலை தேடிப் பார்த்தார்கள். பிள்ளை எட்டு நாள் வரவில்லை. ஆசிரியர் வரிசையில் நின்ற நான் வாய் திறக்கவில்லை. அது இன்றைக்கும் உறுத்துகிறது.

அவளுடைய அம்மா வந்து என்னிடம் கேட்டார்: "மிஸ், படம் போட்டவங்கள் கொஞ்சப் பேருக்குத்தான் காட்டினாங்கள். நீங்கள் முழுப் பாடசாலைக்கும் காட்டிட்டீங்களே?"

அந்த வாரம் வேதாகமத்தில் மத்தேயு 18ஆம் அதிகாரத்தைத் திரும்ப எடுத்து வாசித்தேன். ஒருவன் உனக்குக் குற்றம் செய்தால் முதலில் தனியே அவனிடம் பேசு. கேளாவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ. அப்போதும் கேளாவிட்டால்தான் சபைக்குச் சொல். 15 முதல் 17 வரை, மூன்றே வசனம். பிள்ளைகள் வட்ஸ்அப் குரூப்பில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், சபைக்குத்தான் முதலில் போகிறார்கள். மேடையில் நாங்களும் அதையேதான் செய்திருந்தோம்.

அந்த மூவரில் ஒருவரும் பக்கத்தை நடத்தவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நடத்தியவன் தரம் 11 பையன். இரண்டு வாரம் கழித்து நூலகத்தில் நான் தனியாக இருந்தபோது வந்து சொன்னான். படம் போட்டது யார் என்று நான் கேட்கவில்லை, அவனே அழுது அழுது எல்லாம் சொன்னான். என் முன்னாலேயே பக்கத்தை அழித்தான். அப்புறம் அவளிடமும் அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டான். அம்மா ஏற்றுக்கொண்டார். பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை.

போனுக்கு முழுத் தடை போட்டால் சரி என்கிற ஆசிரியர்கள் எங்களிடமும் இருக்கிறார்கள். அவர்களுடைய பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் 2019 ஏப்ரல் 21, அந்த ஈஸ்டர் ஞாயிறை நினைத்துப் பாருங்கள். தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்த அன்றே அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கியது. இருந்தும் எங்கள் பிள்ளைகள் முடக்கத்தைத் தாண்ட உதவும் வீபீஎன் (VPN) போட்டு உள்ளே போய், பெரியவர்களே பார்க்கக் கூடாத படங்களைப் பார்த்தார்கள். கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போயிருந்த தன் பெரியம்மாவை அப்படி ஒரு படத்தில்தான் கண்டதாக ஒரு பையன் சொன்னான். நாடு முழுக்கப் பூட்டியும் நிற்காததை வகுப்பறை வாசலில் எப்படி நிறுத்துவது? அடுத்த வருடம் கொரோனாவில் பாடசாலைகளை மூடியபோது, போன் வாங்கிக் கொடுங்கள் என்று பெற்றோரைக் கேட்டதும் நாங்கள்தான்.

மெல்ல மெல்லச் சிலவற்றை மாற்றினோம். காலையில் போனை ஓஃப் செய்து, பெயரெழுதிய உறையில் போட்டு வகுப்பாசிரியரிடம் கொடுக்க வேண்டும், பாடசாலை விட்டதும் வாங்கலாம். வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் நேரே ரியூசனுக்குப் போகும் பிள்ளைகள் வீட்டோடு பேச வேண்டுமே. அந்தப் போனை ஆசிரியர் திறந்து பார்க்கலாமா என்பதில் எங்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. பார்க்கக் கூடாது, சந்தேகம் என்றால் பெற்றோர் முன்னிலையில் பிள்ளையே திறந்து காட்டட்டும் என்று முடிவானது. வட்ஸ்அப்பும் இன்ஸ்டகிராமும் குறைந்தது 13 வயது என்று தாங்களே வைத்திருப்பதால், தரம் 6, 7 குரூப்களில் பெற்றோரின் நம்பர் மட்டும். கரோல் ஆராதனைப் படங்களைப் பிள்ளைகளின் பெயரோடு பாடசாலையின் பேஸ்புக் பக்கத்தில் போடுவதையும் நிறுத்தினோம். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் இந்துக்கள், முஸ்லிம் பிள்ளைகளும் உண்டு. வீட்டாரைக் கேட்காமல் போட எங்களுக்கு என்ன உரிமை?

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆபாசப் படம், மிரட்டல், வெளியாள் ஒருவரின் தொல்லை என்றால் தனியே பேசித் தீர்க்கப் பார்க்காதீர்கள். அன்றே பெற்றோருக்குச் சொல்லி, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு அழையுங்கள். ஆதாரம் வேண்டும் என்று அந்தப் படத்தை உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லவே கூடாது. நல்ல மனதோடு செய்தாலும் அதுவும் பரப்புவதுதான்.

அந்தப் பிள்ளை தரம் 11க்கு வந்தபோது வகுப்புப் படம் எடுத்தார்கள். அன்றைக்குப் பாடசாலைக்கு வந்திருந்தாள், படத்துக்கு மட்டும் போகவில்லை. நூலகத்தில் என்னோடு இருந்து புத்தகங்களுக்கு நம்பர் ஒட்டினாள்.