பத்து ஆண்டுகள் கழித்தும் இயங்கும் பேரிடர்க் குழுவை ஊரில் அமைப்பது எப்படி?

கேள்வி: கரைமடி (குளச்சலுக்குக் கிழக்கே)

அனைவருக்கும் வணக்கம். கடலோர ஊர் ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது நான் பள்ளி மாணவி. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வீசியபோது கைக்குழந்தையுடன் வீட்டுக்குள் இருந்தேன். இரண்டுக்கும் பிறகு எங்கள் ஊரில் பேரிடர்க் குழுக்கள் அமைக்கப்பட்டன, பயிற்சி நடந்தது, ஒரு பெட்டி நிறையப் பொருள்களும் வந்தன. சென்ற மாதம் சமுதாயக்கூடத்தைச் சுத்தம் செய்தபோது அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். மெகாபோனுக்குள் பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. மிதவைச் சட்டைகளை எலி கடித்திருந்தது. அடியில் கிடந்த பெயர்ப் பட்டியலில் இருந்த 20 பேரில் 4 பேர் காலமாகிவிட்டார்கள், 9 பேர் வளைகுடா நாடுகளில் வேலை செய்கிறார்கள்.

புதிதாக ஒரு குழு தொடங்க ஊர் இளைஞர்கள் முன்வந்திருக்கிறார்கள். அதுவும் இன்னொரு பெட்டியாக முடிந்துவிடக் கூடாது என்பதே என் கவலை. ஆபத்து இல்லாத ஆண்டுகளில் இப்படி ஒரு குழுவை உயிரோடு வைத்திருப்பது எப்படி? எதிலிருந்து தொடங்க வேண்டும்?

பதில் 1: மேலக்கடல் (தூத்தூர் பகுதி)

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன்பிடிக்கும் தங்குகடல் தொழில் செய்து கரையேறியவன் நான். பொருள்களை வாங்குவதற்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள் என்பதே என் பதில். ஏன் என்று சொல்கிறேன்.

ஒக்கி 2017 நவம்பர் 29 அன்று காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக உருவாகி, மறுநாள் முற்பகலுக்குள் குமரிக்கடலிலேயே புயலாக மாறிவிட்டது. எங்கள் பகுதி விசைப்படகுகள் அதற்குப் பல நாள்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்டவை. படகுகளில் இருந்த வயர்லெஸ் கருவிகள் கரையிலிருந்து சில பத்துக் கடல் மைல்களுக்கு அப்பால் எட்டாது. எச்சரிக்கை போய்ச் சேராததைப் பற்றி எல்லாரும் பேசிவிட்டார்கள். அதற்கு அடுத்து நடந்ததை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. எந்தப் படகில் யார் யார் போனார்கள் என்ற முழுக் கணக்கு கரையில் இல்லை. வள்ளவிளை, சின்னத்துறை, பூத்துறை, நீரோடி என்று ஒவ்வொரு ஊரிலும் வீடு வீடாகப் போய்க் கேட்டுத்தான் பட்டியல் எழுத வேண்டியிருந்தது. கடைசி நேரத்தில் படகு மாறி ஏறியவர்கள் இருந்தார்கள், வெளி மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் இருந்தார்கள். தேடுபவர்களிடம் இத்தனை பேர் என்று உறுதியாகச் சொல்ல முடியாத அந்த நாள்களை நான் மறக்கவில்லை. உடல் கிடைக்காதவரை இறந்தவராகக் கொள்ளச் சட்டப்படி ஏழு ஆண்டுகள் ஆகும் என்ற பொதுவிதி, காணாமல் போனவர்களின் குடும்பங்களை எவ்வளவு வாட்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சிறப்பு ஆணை பெற்று நிவாரணம் வாங்குவதற்கும் பட்டியல்தான் முதலில் வேண்டியிருந்தது.

ஒக்கிக்குப் பிறகு செயற்கைக்கோள் வழியாகத் தகவல் பெறும் கருவிகளும், படகுக் குழுக்களுக்குச் சாட்டிலைட் போன்களும் வந்தன. அவை நல்லவை, ஆனால் சார்ஜ் இல்லாத போன் தண்ணீரில்லாத கிணறு போன்றது. ஆகவே எங்கள் படகுத்துறையில் ஒரு வழக்கம் வைத்தோம். ஐஸும் டீசலும் ஏற்றும்போதே ஆள்பட்டியலை நோட்டில் எழுதி, ஒவ்வொருவருக்கும் கரையில் உள்ள ஓர் உறவினரின் தொலைபேசி எண்ணையும் எழுதி, கருவியை ஒருமுறை இயக்கிப் பார்த்துவிட்டுத்தான் படகு புறப்படும். இதைத் தனிக் குழு செய்யவில்லை, ஐஸ் கணக்கு எழுதுகிறவரே செய்கிறார். அதனால்தான் அது நிற்கிறது. உங்கள் ஊரிலும் ஏற்கெனவே வாரந்தோறும் கூடுகிற அமைப்பு எது என்று பாருங்கள். கடலோரக் கத்தோலிக்கப் பங்குகளில் ஏறக்குறைய முப்பது வீடுகளுக்கு ஓர் அன்பியம், அதாவது அக்கம்பக்கத்தார் கூடும் சிறு குழு, இருக்கிறது. புதிய குழுவுக்கு அலைவதைவிட அன்பியத்துக்கு இருவரை நியமிப்பது எளிது.

பதில் 2: மறுகால் (பூதப்பாண்டி பக்கம்)

ஐயா சொன்னதுடன் உடன்படுகிறேன். உள்நாட்டிலிருந்து எழுதுவதால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். கடலோரத்தின் பாதுகாப்பைக் கடலோரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. நாகர்கோவில், சுசீந்திரம் வழியாக ஓடும் பழையாறு மணக்குடியில் கடல் சேர்கிறது. மேலே எங்கள் குளங்கள் தூர்ந்து, மடைகள் பழுதாகி, நிரம்பிய குளத்தின் உபரி நீர் ஓடும் மறுகால் ஓடைகள் ஆக்கிரமிக்கப்பட்டிருந்தால், கனமழையின் தண்ணீர் முழுவதும் ஒரே நேரத்தில் கீழே இறங்கும். ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில் மணல் மேடிட்டிருந்தால் அது போக வழியில்லாமல் வயல்களையும் ஊர்களையும் மூழ்கடிக்கும். 2021 நவம்பரில் நாங்கள் பட்ட வெள்ளம் இதைக் கண்ணெதிரே காட்டியது. பொழியை எப்போது வெட்ட வேண்டும் என்பது மீனவருக்குத் தெரியும், எந்தக் குளம் எப்போது மறுகால் பாயும் என்பது எங்களுக்குத் தெரியும். இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், புரட்டாசியிலேயே, ஒருமுறை சந்திக்க ஏற்பாடு செய்யுங்கள். எங்கள் பக்கத்துப் பாசன சங்கத்தாரை அழைத்துவர நான் பொறுப்பேற்கிறேன்.

ஒக்கியின்போது எங்களைத் தவிக்கவிட்டது காற்றைவிட மின்சாரம்தான். கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன; மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் ஓடவில்லை. எங்கள் தெருவில் பழைய அடிபம்பு ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. என் சித்தப்பா அதன் வாஷருக்குப் பதிலாகச் செருப்புத் தோலை வெட்டிப் போட்டு, குடம் தண்ணீரை மேலே ஊற்றி அடித்து, அரைமணி நேரத்தில் நீரை வரவழைத்தார். அத்தனை வீடுகளும் அந்த ஒரு பம்பை நம்பியே பல நாள்கள் இருந்தன. உங்கள் ஊரில் மின்சாரம் இல்லாமல் தண்ணீர் தரும் இடங்கள் எவை என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

பதில் 3: கிராமச் செவிலி (இராஜாக்கமங்கலம் வட்டாரம்)

அன்பியத்தை நம்பலாம் என்பதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு, ஐயா. மற்ற மதத்தவரும், வாடகைக்கு இருப்பவரும், வேலைக்கு வந்து படகிலேயே தங்கும் வெளிமாநிலத் தொழிலாளரும் அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றுவிடுவார்கள். மகளிர் சுய உதவிக் குழுக்களையும் சேர்த்துக்கொண்டால் இந்த இடைவெளி குறையும். அதே நோட்டில் படுக்கையில் இருப்பவர், இன்சுலின் போடுபவர், டயாலிசிஸுக்குப் போகிறவர், பிரசவ நாள் நெருங்கியவர் ஆகியோரையும் குறித்துவையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்த வேண்டும், ஏனென்றால் இந்தப் பட்டியல்தான் மிக விரைவில் பழசாகும்.

இன்னொன்று, ஆபத்து என்றால் புயலும் சுனாமியும் மட்டுமல்ல. காற்றே இல்லாத வெயில் நாளில், தொலைதூரத் தென்கடலில் எழுந்த அலை இங்கே வந்து ஏறுவதைத்தான் கள்ளக்கடல் என்கிறோம். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துக்கொண்டது. ஐதராபாத்தில் உள்ள பெருங்கடல் தகவல் சேவை மையத்தின் எச்சரிக்கை அதற்கு முன்பே வெளியாகியிருந்தது. அந்தச் செய்தியைக் கடற்கரையில் நிற்கும் வெளியூர்க்காரரின் காதுக்குக் கொண்டுசேர்ப்பது உள்ளூர்க்காரரால்தான் முடியும். அதற்கு ஒரு சிவப்புக் கொடியும், அதை நடுவதற்குப் பொறுப்பான ஒருவரும் போதும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணைப் பள்ளிச் சுவரிலும் மீன் ஏலக்கூடத்திலும் பெரிதாக எழுதிவையுங்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: கரைமடி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களை இளைஞர்களுக்கு வாசித்துக் காட்டினேன். பெட்டியை ஒதுக்கிவைத்துவிட்டு நோட்டிலிருந்து தொடங்குகிறோம். அன்பியத்துக்கு இருவர், சுய உதவிக் குழுவுக்கு ஒருவர் என்று பெயர்கள் வந்துவிட்டன. படகுகளின் ஆள்பட்டியலை எங்கள் ஏலக்கூடத்துக் கணக்கர் ஏற்றுக்கொண்டார்.

ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று நினைவுத் திருப்பலிக்கு ஊரே கூடுகிறது. அது முடிந்ததும் எல்லாரும் கடற்கரையிலிருந்து மேட்டுக்கு நடந்து பார்ப்பது என்றும் முடிவு செய்தோம். குளச்சல் அருகே கொட்டில்பாட்டில் 2004-இல் ஓடியவர்கள் பலர் கடற்கரையை ஒட்டிய ஏ.வி.எம். கால்வாயில் சிக்கியதை இங்கே யாரும் மறக்கவில்லை. எங்களுக்கும் மேட்டுக்கும் நடுவிலும் ஓர் ஓடை இருக்கிறது, அதைக் கடக்க ஒரே ஒரு சிறு பாலம். நேற்று மாலை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுடனும் எண்பது வயதான பாட்டி ஒருவருடனும் அந்த வழியில் நடந்தேன். பிள்ளைகள் ஆறு நிமிடத்தில் மேட்டை அடைந்தார்கள். பாட்டிக்குப் பத்தொன்பது நிமிடம் ஆனது, அதில் நான்கு நிமிடம் கைப்பிடி இல்லாத அந்தப் பாலத்தில் கழிந்தது. இரண்டாவது பாலம் கேட்டும், இருக்கும் பாலத்துக்குக் கைப்பிடி கேட்டும் மனு எழுதத் தொடங்கியிருக்கிறோம். மறுகால் ஐயா, புரட்டாசிக் கூட்டத்துக்கு எங்கள் பள்ளி வகுப்பறையைத் திறந்துவைக்கிறேன். உங்களுக்கு வசதியான நாளைச் சொல்லுங்கள்.