பில்லில் டாஸ், திரையில் விண்டோஸ்: புது லேப்டாப் வாங்கும்போது கண்டது

சர்வீஸ் பெஞ்ச்:
போன வாரம் பெஞ்சுக்கு வந்த லேப்டாப். பில்லில் "டாஸ்" என்று இருக்கிறது, அதாவது விண்டோஸ் இல்லாமல் விற்கும் மாடல். ஆனால் திரையில் விண்டோஸ் 11 ப்ரோ ஓடுகிறது. செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் என்று உள்ளே போனால் அந்த ஒரு வரி: உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ் வழியாக ஆக்டிவேட் ஆகியிருக்கிறதாம். வாங்கியது ஒரு கல்லூரி மாணவி. அந்தப் பெண்ணுக்கு ஏது நிறுவனம்? விற்ற இடத்தில் கேஎம்எஸ் கருவியை, அதாவது நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வர் போல நடிக்கும் திருட்டுக் கருவியை, ஓட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வகை ஆக்டிவேஷனுக்கு ஆயுள் 180 நாள். அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க குறித்த நேரத்தில் தானே வேலைகளை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு வேலை ஒளிந்திருந்தது. விண்டோஸின் சொந்த ஆண்டிவைரஸான டிஃபெண்டர் பிடித்துவிடக் கூடாது என்று கருவி இருந்த ஃபோல்டரையே எக்ஸ்க்ளூஷனில், அதாவது சோதிக்க வேண்டாத பட்டியலில், போட்டிருந்தார்கள். நாளைக்கு எந்த வைரஸ் அந்த ஃபோல்டருக்குள் வந்து உட்கார்ந்தாலும் டிஃபெண்டர் எட்டிக்கூடப் பார்க்காது.

பணம் கட்டுவதற்கு முன்பே இந்த ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். "டிஜிட்டல் லைசென்ஸ்" என்று இருந்தால் மட்டும் போதாது, அதையும் திருட்டுத்தனமாக வரவழைக்கிறார்கள். பில்லிலும் விண்டோஸ் என்று எழுதியிருக்க வேண்டும். பில்லில் ஹோம், திரையில் ப்ரோ என்றால் ஏன் என்று கேளுங்கள். தயாரிப்பாளரே போட்டு அனுப்பும் விண்டோஸின் கீ மதர்போர்டில் பதிந்திருக்கும். அதே எடிஷனை மறுபடி ஏற்றி நெட்டில் இணைத்தால் போதும், கீ அடிக்கிற வேலையே இல்லை.

பென்குயின்:
திருடியது விற்றவர்கள். டாஸ் மாடல் மேல் பழி எதற்கு அண்ணே? விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போடுகிறவர்களுக்கு அதுதான் தோதான பெட்டி. வேண்டாத லைசென்ஸுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் ஏற்றுவதற்கு முன் சோதிக்காமல் விடாதீர்கள். 8 ஜிபி பென்டிரைவில் மின்ட் அல்லது உபுண்டு லினக்ஸை எழுதி, இன்ஸ்டால் செய்யாமல் பென்டிரைவிலிருந்தே லைவாக ஓட்டிப் பாருங்கள். வைஃபை, சத்தம், கேமரா, டச்பேட் எல்லாம் பத்து நிமிட வேலை. பலர் விட்டுவிடுவது மூடிச் சோதனையை. எல்லாம் ஓடிய ஒரு லேப்டாப்பை மூடிப் பையில் வைத்து எடுத்தால் அடிப்பக்கம் கொதிக்கிறது, ஃபேன் கத்துகிறது, பேட்டரி பாதி காலி. ஸ்லீப்புக்கே போகவில்லை. மூடியைச் சாத்தி அரைமணி விட்டு, பேட்டரி எத்தனை சதவீதம் இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். வைஃபை சிப் புதுசாக இருந்தால் பழைய கெர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதி) அதைத் தெரியாது, புது கெர்னல் உள்ள வெளியீட்டை எடுங்கள். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. தமிழ்99 கீபோர்டு வேண்டுமென்றால் ஐபஸ் எம்17என் பேக்கேஜ் போதும்.

கணக்கு மேசை:
பென்குயின் சொல்வது வீட்டுக்குச் சரி, கடைக்கு ஆகாது. ஜிஎஸ்டி 3பி என்ற மாத ரிட்டர்ன் கட்டக் கடைசி நாள், 20ஆம் தேதி சாயங்காலம். லினக்ஸ் போட்ட மெஷினில் டிஜிட்டல் சிக்னேச்சர் (மின் கையெழுத்து) உள்ள யூஎஸ்பி டோக்கனைச் செருகினால் விளக்கு எரிகிறது, ஆனால் சர்டிபிகேட் பட்டியல் வெறுமையாக நிற்கிறது. அந்த வெள்ளைக் கட்டம் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. டோக்கனுக்குரிய லினக்ஸ் டிரைவரும் இல்லை, ஸ்மார்ட்கார்டைப் படிக்கும் பிசிஎஸ்சி சர்வீஸும் ஓடவில்லை. தனிநபர் வியாபாரம் என்றால் ஓடிபியில் முடித்துவிடலாம், கம்பெனி என்றால் டோக்கன் இல்லாமல் தப்ப முடியாது.

கணக்கு மென்பொருள் டேலி விண்டோஸுக்கென்றே எழுதியது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைனில் திறக்கும் என்பார்கள், அதை நம்பி ஆடிட்டருக்கு நாள் குறிக்காதீர்கள். பிரிண்டரையும் பாருங்கள்: கேனானின் கேப்ட் வகைப் பழைய லேசர் பிரிண்டர்கள் லினக்ஸில் உயிரை வாங்கும். மாக் வாங்குகிறவர்களும் டோக்கன் டிரைவர் எந்த மாக்ஓஎஸ் வரை ஓடும் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். ஆப்பிளின் எம் வரிசைச் சிப்பில், மாக்கில் விண்டோஸ் ஏற்ற உதவும் பூட் கேம்ப் கிடையாது.

ஊதாத் திரை:
டாஸ் மாடல் வாங்கி, காசு கொடுத்து ஒரிஜினல் விண்டோஸ் போடுகிறவர்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் பார்த்தது, எந்த டிஸ்க்கில் ஏற்றுவது என்று கேட்கும் பக்கத்தில் ஒரு டிஸ்க்கும் இல்லை. எஸ்எஸ்டி செத்துவிட்டது என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டார்கள்.

எஸ்எஸ்டி நன்றாகத்தான் இருக்கிறது. இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து பல லேப்டாப்புகளில் விஎம்டி என்ற, எஸ்எஸ்டியைக் கையாளும் இன்டெல் வசதி ஆன் ஆகியே வரும், அதற்குரிய டிரைவர் இன்ஸ்டாலரில் இல்லாவிட்டால் டிஸ்க் தெரியாது. லேப்டாப் தயாரிப்பாளர் தளத்தில் அதற்கான ஆர்எஸ்டி டிரைவரை இறக்குங்கள். அதை எக்ஸ்இ ஆகவே பென்டிரைவில் போட்டால் பயனில்லை, பிரித்து ஐஎன்எஃப் கோப்புகளாக வைக்க வேண்டும். பிறகு "லோட் டிரைவர்" கொடுத்தால் டிஸ்க் வந்துவிடும். பயாஸில் (லேப்டாப் தொடங்கும்போதே திறக்கும் செட்டிங்ஸ்) விஎம்டியை அணைப்பது இன்னொரு வழி, ஆனால் ஏற்றுவதற்கு முன்பே அணைக்க வேண்டும். ஏற்றிய பிறகு அணைத்தால் "இன்அக்ஸசிபிள் பூட் டிவைஸ்" என்று பிழைத்திரை.

அடுத்த முட்டு, நெட்டில் இணைக்கச் சொல்லும் பக்கம். வைஃபை டிரைவர் இன்னும் இல்லாததால் மேலே போக முடியாது. போனை கேபிளில் செருகி யூஎஸ்பி டெதரிங் ஆன் செய்யுங்கள், போதும். விண்டோஸ் 10ஐத் தேடிப் போடாதீர்கள், அதற்கான சப்போர்ட் 14 அக்டோபர் 2025இலேயே முடிந்தது.

விண்டோஸோடு வந்த லேப்டாப்பில் பக்கத்திலேயே லினக்ஸும் போட நினைப்பவர்களுக்கு: டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் டிவைஸ் என்கிரிப்ஷன் உங்களுக்குத் தெரியாமலே ஆன் ஆகியிருக்கலாம். பயாஸில் "செக்யூர் பூட்" செட்டிங்கை மாற்றினால் அடுத்த பூட்டில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் இருக்கும், முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். யார் அக்கவுண்டில் செட்டப் செய்தார்கள் என்பதையும் பாருங்கள். கடைப் பையனுடைய அக்கவுண்ட் என்றால் கீயும் அவனிடம்தான்.

பென்குயின்:
கணக்கு மேசை அண்ணன் சொன்ன டோக்கன் விஷயம் உண்மை, ஒப்புக்கொள்கிறேன். லினக்ஸிலேயே இருந்துகொண்டு மாதம் ஒருநாள் மட்டும் கையெழுத்துப் போட வேண்டியவர்கள், லினக்ஸுக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரைப் போல ஓடும் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் லைசென்ஸ் உள்ள விண்டோஸை ஏற்றி டோக்கனை அதற்குள் அனுப்பலாம். ரேம் 16 ஜிபி இருந்தால் நல்லது. உங்கள் யூசரை வீபாக்ஸ்யூசர்ஸ் குரூப்பில் சேர்த்து, ஒருமுறை லாக்அவுட் ஆகி வாருங்கள். இல்லாவிட்டால் யூஎஸ்பி பட்டியல் இங்கேயும் வெறுமையாகத்தான் தெரியும்.