கொல்லையை யாரு பாத்துக்கிறது?

குழு: பாடலீஸ்வரர் துணை (நம்ம குடும்பம்)
புரட்டாசி, சனிக்கிழமை

பிரபு: எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்குத் திங்கக்கிழமை வலது கண்ணுல புரை ஆபரேஷன். தவளக்குப்பம் கண் ஆஸ்பத்திரி. நாளைக்கு நான் வந்து பாண்டிக்குக் கூட்டிட்டு வந்துடுவேன். ஒரு மாசம் எங்ககூடத்தான்

உமா: நல்லபடியா முடியும் அக்கா

சேகர்: லென்ஸ் எது போடுறாங்க

பிரபு: அங்க போய்த்தான் தெரியும் சித்தப்பா. கண்ணைப் பத்திக் கவலை இல்ல, கொல்லையைத்தான் என்ன பண்றதுன்னு தெரியல

ராஜி: நேத்து ராத்திரி எங்கிட்ட அரை மணி நேரம் பேசினாங்க. கண்ணைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. முழுக்கப் புடலை

பிரபு: குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, கண்ணுல தண்ணி தூசி படக்கூடாது. திரும்பி வந்தாலும் கொஞ்ச நாளைக்கு மண்வெட்டி பக்கம் போகக்கூடாது. யாராவது தினம் போய்த் தண்ணி ஊத்தணும். சாவி கலா அத்தைகிட்ட இருக்கு

சேகர்: டைமர் வச்ச சொட்டுநீர் செட்டு விக்குது. மேல் டேங்க்ல மாட்டிட்டா யாரும் போகவே வேணாம். லிங்க் போடுறேன்

கார்த்தி: மாமா டேங்க்ல வர்றது போர் தண்ணி. உப்பு

லட்சுமி: சேகரு நீ நல்லதுக்குத்தான் சொல்ற. ஆனா போர் தண்ணி தென்னைக்கு மட்டும்தான் ஆகும். கறிவேப்பிலைக்கும் தொட்டிக்கும் விட்டா இலை ஓரமெல்லாம் கருகிப் போவுது. பின்கட்டுல நீல டிரம்ல குழாத்தண்ணி பிடிச்சு வச்சிருக்கேன், அதைத்தான் ஊத்தணும். டிரம்மை மூடி வைங்க, தொட்டிக்குக் கீழத் தட்டுல நிக்கிற தண்ணியை வாரம் ஒருதரமாவது கவுத்துடுங்க. டெங்கு கொசு நல்ல தண்ணியிலதான் முட்டை வைக்கும். ஊத்துறதுக்கு முன்னாடி மண்ணுல விரலை ரெண்டு கணு விட்டுப் பாருங்க. ஈரம் இருந்தா அன்னிக்கு வேணாம். புரட்டாசி வெயிலப் பாத்துப் பயந்து ரெண்டு வேளையும் ஊத்தினா வேரு அழுகிடும். தண்ணி யாரு வேணா ஊத்திடலாம்பா. ஒவ்வொரு செடிகிட்டயும் நின்னு பாக்கணும். அதுக்குத்தான் ஆள் வேணும்

சேகர்: சரிங்க அண்ணி

ராஜி: ம்மா கண்ணுக்கு சொட்டு மருந்து போட்டாச்சா

லட்சுமி: போட்டாச்சு. கத்திரியில நுனி மட்டும் வாடித் தொங்கினா தண்ணி இல்லாம இல்ல, உள்ள புழு இருக்கு. ஒரு விரல் நீளம் கீழ வரைக்கும் கிள்ளி எடுத்து சோப்புத் தண்ணியில போடணும். அங்கயே கீழ போட்டா புழு திரும்ப ஏறும்

உமா: (பலமுறை பகிரப்பட்டது) வீட்டுப் பின்னால் கொடிப் பந்தல் இருந்தால் பாம்பு குடியேறும், எச்சரிக்கை, அனைவருக்கும் பகிரவும்

கார்த்தி: அத்தை இதைப் போன வருஷமும் அனுப்பினீங்க

உமா: நல்லதுக்குத்தானே அனுப்புறேன்

சேகர்: இதுக்குத்தான் நான் அப்பவே சொன்னேன், பாதிக் கொல்லைக்கு சிமெண்டு போட்டுடலாம்னு. கார் உள்ள விடலாம். எல்லாருக்கும் சௌரியம்

ராஜி: சித்தப்பா இப்ப அது வேணாமே

கலா: இப்பத்தான் பாக்குறேன். திருவந்திபுரத்துல இருக்கேன், புரட்டாசி சனி, மலை அடிவாரம் வரைக்கும் கூட்டம். சாவி என்கிட்ட இருந்தா வேலையும் என்கிட்டயா? அதோட சேகர் அண்ணா, சௌரியத்தைப் பத்தி நீங்க பேசாதீங்க. தானே புயல்ல விழுந்த பலாமரத்துப் பலகை இப்ப யார் வீட்ல கட்டிலா கிடக்கு?

சேகர்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பிரபு: அத்தை

கலா: கேட்டேன், அவ்ளோதான். வரிசை நகருது, அப்புறம் வரேன்

உமா: கலா நெய் விளக்கு எங்களுக்கும் சேத்து ஒண்ணு

லட்சுமி: பலாவை விடுங்க. மாமா வச்ச மரம், அது விழுந்தப்ப நான்தான் முதல்ல பாத்தேன். 2011 டிசம்பர் 30, விடிஞ்சும் காத்து நிக்கல. பண்ருட்டிப் பக்கம் தோப்பு தோப்பா பலாவும் முந்திரியும் போச்சு, நமக்கு ஒரு மரம். பலகையை யாரு வச்சிருந்தா என்ன, குடும்பத்துலதானே இருக்கு. அந்த மரம் நின்னவரைக்கும் கொல்லையில வெயிலே விழாது, சேம்பும் மஞ்சளும்தான் வரும். மரம் போன இடத்துல வெயில் விழுந்துச்சு. அந்த வெயில்லதான் இப்பப் பந்தல் நிக்குது. அதுல சிமெண்டு வேணாம் சேகரு, நான் இருக்கிறவரைக்கும்

சேகர்: சரி அண்ணி. நான் வேற எண்ணத்துல சொல்லல

திவ்யா: அத்தை நம்ம மாடியில செம்பருத்திக் குருத்துல வெள்ளையா மாவு மாதிரி இருக்கு. நீங்க வந்து பாக்கணும். எறும்பு வேற

லட்சுமி: மாவுப்பூச்சிம்மா. எறும்புதான் அதைத் தூக்கிட்டு வந்து வைக்கும், அதோட இனிப்பு எறும்புக்கு வேணும். முதல்ல தண்ணியைப் பீச்சி அடிச்சுக் கழுவு. ரொம்ப அண்டின குருத்தை வெட்டிடு. அப்புறம் ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்பு கரைச்சு சாயங்காலமா அடி. அடிக்கும்போது குலுக்கிக்கிட்டே இரு, இல்லேன்னா எண்ணெய் தனியா மேல நின்னுடும். நான் மீன் கரைசல் ஒரு பாட்டில் எடுத்துட்டு வரேன், துளிர் விட்டு வரும்

பிரபு: ம்மா மீன் கரைசல் கார்ல ஏறாது. சொல்லிட்டேன்

ராஜி: போன தடவை ரெட்டிச்சாவடிகிட்ட மூடி தெறிச்ச கதை

பிரபு: அந்த சீட்டுல இன்னும் முதுநகர் துறைமுகத்து மீன் வாடை அடிக்குது

லட்சுமி: அது பாட்டில் நிறைய ஊத்தினதால வந்தது. புளிச்சுக்கிட்டே இருக்கும், காத்து வெளிய வரணும். மூடியைத் தளத்தி வச்சா ஒண்ணும் ஆகாது. துறைமுகத்துல சும்மா போடுற மீன் கழிவு, அதே எடைக்கு வெல்லம், வேற செலவே இல்லாத உரம்

திவ்யா: நான் வேப்பெண்ணெயே அடிச்சுக்கிறேன் அத்தை

கார்த்தி: அத்தை, காலேஜ் விட்டு வந்து நான் போறேன். திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும். அம்மாகிட்ட சாவி வாங்கிக்கிறேன்

லட்சுமி: என் ராசா. சாயங்காலம் நீ வர்றதுதான் நல்லது. ஆடிப் பதினெட்டுக்குப் போட்ட சுரை இப்பப் பூ வைக்குது. வெள்ளைப் பூ, பொழுது சாயறப்பத்தான் விரியும். ராத்திரி அந்துப்பூச்சி வந்தாத்தான் காய் பிடிக்கும், தெருவிளக்கு போட்டதுலேர்ந்து அது சரியா வர்றதில்ல. அதனால நாமதான் சேத்து விடணும்

கார்த்தி: எது ஆண் பூ எது பெண் பூ

லட்சுமி: பூவுக்குப் பின்னாடி பாரு. சுண்டுவிரல் அளவு பிஞ்சு, மேல பூனைமுடி மாதிரி சுணை இருந்தா பெண். வெறும் நீளக் காம்பு மட்டும் இருந்தா ஆண். ஆண் பூவைக் காம்போட கிள்ளி, இதழை எல்லாம் பிச்சுட்டு, நடுவுல இருக்கிற மஞ்சள் பொடியைப் பெண் பூ நடுவுல மெதுவாத் தடவு. அழுத்தாத. ஒரு ஆண் பூ ரெண்டு மூணு பெண் பூவுக்கு வரும். பிடிச்சுதுன்னா நாலஞ்சு நாள்ல பிஞ்சு கனத்துக் கீழ பாத்துத் தொங்கும். பிடிக்கலேன்னா மஞ்சளா சுருங்கி விழுந்துடும். விழுந்தா விடு, மறுநாள் வேற பூ விரியும். நீ சேத்து விட்ட பூ காயா நிக்கிறதைப் பாரு, அப்புறம் நான் கூப்பிட வேணாம், நீயே வருவ

கார்த்தி: சரி அத்தை. வீடியோ கால் பண்ணிக் காட்டுறேன்

பிரபு: வீடியோ கால்லாம் கொஞ்ச நாள் வேணாம்டா, கண்ணு

லட்சுமி: இடது கண்ணு நல்லாத்தானே இருக்கு

ராஜி: ம்மா

கலா: தரிசனம் ஆச்சு. கார்த்திக்கு அடுத்த மாசம் பரீட்சை இருக்கு, அதை யாராவது கேட்டீங்களா? சரி, அண்ணிக்காக. காலையில கறிவேப்பிலை பறிக்க நான் எப்படியும் போவேன், அப்ப நானும் ஒரு பார்வை பாத்துடுறேன்

உமா: எங்களுக்கும் கொஞ்சம் பறிச்சு வை கலா. கடையில வாங்குறது மணமே இல்ல

லட்சுமி: கிளையை உடைச்சுப் பறிங்க, இலையா உருவாதீங்க. உடைச்ச இடத்துல ரெண்டு கிளை வரும். உமா உனக்கு இல்லாததா. கலா, முல்லை உச்சி வெயில் போனதும் பறிச்சுடு, வெள்ளிக்கிழமைக்கு வாங்கவே வேணாம். இன்னொண்ணு, வேலியோரம் அவரை வெறும் கொடியா கிடக்கும். காய்க்கலேன்னு யாரும் அறுத்துடாதீங்க. பனி விழணும் அதுக்கு. மார்கழியில பூத்து பொங்கக் கூட்டுக்கு எல்லார் வீட்டுக்கும் வரும்

சேகர்: மழை வந்தா? ஐப்பசி பக்கத்துல வந்துடுச்சு

லட்சுமி: நல்ல கேள்வி சேகரு. 2024 பெஞ்சல் புயல் ஞாபகம் இருக்குல்ல, பாண்டியில ஒரே நாள்ல 46 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு, இங்க நம்ம கொல்லையில முழங்காலளவு நின்னுச்சு. எலுமிச்சை தாங்குச்சு. பப்பாளி ரெண்டும் வேரழுகி சாஞ்சுது, அதுக்குத் தண்ணி ஒரு நாளைக்கு மேல நிக்கவே கூடாது. இந்தத் தடவை மேடு கட்டித்தான் வச்சிருக்கேன். கிணத்தடியிலேர்ந்து தெருச் சாக்கடை வரைக்கும் ஒரு வாய்க்கா போவுது, அதுல இலை தழை அடைச்சிருக்கு. முதல் மழைக்கு முன்னாடி அதைத் தோண்டி விடணும். கார்த்தியால தனியா ஆகாது

சேகர்: மண்வெட்டி எங்க இருக்கு

லட்சுமி: மாட்டுக்கொட்டாய்ல, உங்க அப்பா வச்ச இடத்துலயே

சேகர்: வாய்க்காலை நான் பாத்துக்கிறேன். ஒரு ஞாயித்துக்கிழமை வரேன்

கலா: எந்த ஞாயிறு?

சேகர்: சொல்றேன்

ராஜி: புடலைக்குக் கல்லு கட்டணும்னு சொன்னீங்களேம்மா, அதை யாரு

லட்சுமி: பிஞ்சு ஒரு ஜாண் வந்ததும் நுனியில நூலால ஒரு கூழாங்கல்லு. பெரிய கல்லு வேணாம், அறுந்துடும். பாலூர் ஆராய்ச்சி நிலையத்துல வாங்கின விதை அது, ஒரு காயை முத்தவிட்டு விதைக்கு வைக்கணும். எதுன்னு நாளைக்கு சிவப்புத் துணி கட்டிக் காட்டுறேன்

பிரபு: நாளைக்கு 4 மணிக்குக் கிளம்பணும்மா. பை எல்லாம் எடுத்து வைங்க

லட்சுமி: 6 மணிக்குப் போலாம்பா. சுரைப்பூ விரியட்டும், கார்த்திக்கு ஒருதரம் கையில காட்டிட்டு வரேன்

பிரபு: இருட்டிடும்மா

திவ்யா: 6 மணிக்கே வரட்டும்ங்க

கலா: சனி ஞாயிறு யாரு ஊத்துறதுன்னு யாரும் சொல்லலியே