இறக்கின வண்டிக்கு எந்த ரிம், எந்த டயர்? புதுவை–கடலூர் ரோட்டில் பார்த்தவங்க சொல்லுங்க

லாஸ்பேட்டை:
ஸ்விஃப்ட், கம்பெனி டயர் 185/65 ஆர்15. லோயரிங் ஸ்ப்ரிங் போட்டு நாலு பக்கமும் 35 மி.மீ. இறங்கியிருக்கு. கடையில் காட்டினது 17 இன்ச் ரிம், 7ஜே அகலம் (7 இன்ச்), ஆஃப்செட் 35 (ரிம் நடுக்கோட்டிலிருந்து, ரிம் வண்டியில் ஒட்டுற முகம் வரை மி.மீ.), 205/45 டயர். "கண்ணை மூடிட்டுப் போடலாம்"ங்கிறாங்க. ஓட்டம் பெரும்பாலும் புதுவை–கடலூர். இந்த அளவு போட்ட வண்டிகளைக் கிட்ட இருந்து பார்த்தவங்க எழுதுங்கண்ணா.

வில்லியனூர்:
கடையில் "பொருந்தும்"னு சொன்னா நட் ஓட்டை பொருந்தும்னு மட்டும்தான் அர்த்தம். உங்க வண்டிக்கு 4 நட், 100 மி.மீ. பிசிடி (நட் ஓட்டைகள் நிக்கிற வட்டத்தின் விட்டம்). அந்த ரிம் எந்தக் கடையிலும் தொங்கும். மீதியை நாமதான் கணக்குப் போடணும்.

முதல்ல டயரின் மொத்த உயரம். 185இல் 65 சதவீதம் 120.25 மி.மீ., அதுதான் ஒரு பக்க சைடுவால். மேலும் கீழுமா 240.5. ரிம் 15ஐ 25.4ஆல் பெருக்கினா 381. ஆக 621.5 மி.மீ. இதே மாதிரி 205/45 ஆர்17க்குப் போட்டா 616.3 வரும். ஒரு சதவீதம்கூட வித்தியாசம் இல்லை. 195/55 ஆர்16க்கு 620.9, அச்சு அசல் கம்பெனி உயரம். 205/55 ஆர்16 மட்டும் வேண்டாம்; 631.9 வந்து ஆரத்தில் 5 மி.மீ. கூடிடும், இறக்கின வண்டியில் உரசுறது அந்த 5தான்.

மொத்த உயரம் ஒத்துப்போச்சேன்னு 17ஐத் தூக்கிடாதீங்க. சைடுவால் 120லிருந்து 92க்கு இறங்கிடுது. ஸ்ப்ரிங்கில் ஏற்கெனவே 35 மி.மீ. ஆட்டத்தைக் குறைச்சாச்சு. பள்ளத்தை வாங்க மிச்சம் இருக்கிறது டயர் மட்டும்தான், அதிலும் 28 மி.மீ. போனா அடி நேரா ரிம்முக்குத்தான்.

மஞ்சக்குப்பம்:
தம்பி, உரசுமா உரசாதான்னு தீர்மானிக்கிறது இன்ச் இல்லை. ஆஃப்செட்டும் அகலமும். கழட்டின ரிம்மின் உள்பக்கம் ஜே அளவும், ஈடின்னு போட்டு ஒரு எண்ணும் (அதுதான் ஆஃப்செட்) வார்ப்பிலேயே இருக்கும். அதைப் படிக்காம யார் சொல்றதையும் நம்பாதீங்க.

உங்க பழைய ரிம் 5.5ஜே, ஆஃப்செட் 45னு வெச்சுக்குவோம். ரிம் அகலத்தில் பாதி 69.85 மி.மீ., அதில் 45 போக, ஹப் (ரிம் மாட்டுற அச்சு நுனி) முகத்திலிருந்து வெளியே 24.85 நீட்டுது. உள்ளே எவ்வளவுன்னா 69.85ஐயும் 45ஐயும் கூட்டணும், 114.85. இப்ப கடை காட்டின 7ஜே, 35. பாதி அகலம் 88.9. வெளியே 53.9, உள்ளே 123.9. அதாவது ரிம் விளிம்பு வெளிப்பக்கம் 29 மி.மீ. தள்ளி நிக்கும், உள்ளே ஸ்ட்ரட் (ஸ்ப்ரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) பக்கம் 9 மி.மீ. நெருங்கும்.

டயர் அந்த அளவு தள்ளாது. 205 டயர் 185ஐவிடப் பக்கத்துக்கு 10 மி.மீ. அகலம், ரிம்மின் நடுக்கோடு வெளியே 10 நகருது, ஆக டயரின் வெளி வயிறு 20 மி.மீ. வெளியே வரும், உள் வயிறு இருந்த இடத்திலேயே இருக்கும். ரிம் 29 வந்து டயர் 20தான் வந்தா என்ன ஆகும்? விளிம்புக்கு டயர் தந்த பாதுகாப்பு போயிடும். மிஷன் தெரு மாதிரி இடத்தில் நடைபாதைக் கல்லோரம் நிறுத்தினா முதல் கீறல் ரிம்முக்குத்தான்.

16 இன்ச், 6.5ஜே, ஆஃப்செட் 40 எடுத்துப் பாருங்க. ரிம் வெளியே 17.7, உள்ளே 7.7. 195/55 டயர் 6.5 ரிம்மில் ஏறக்குறைய 200 அகலம் விரியும். அதன் வெளி வயிறு 12–13 மி.மீ. தள்ளும், உள்ளே 2–3. இறக்கின வண்டிக்கு அளவு இதுதான். ஸ்ட்ரட்டுக்கும் டயருக்கும் நடுவில் 5 மி.மீ.க்குக் குறையக் கூடாது. குறைஞ்சா ஸ்பேசர் (ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவில் வைக்கிற தட்டு) போட்டுக்கலாம்னு சொல்லுவாங்க. உள்ளே எவ்வளவு விட்டுக் கொடுக்குதோ அவ்வளவு வெளியே ஃபென்டர்கிட்ட (சக்கரத்துக்கு மேல வளையுற பாடித் தகடு) போகும், அவ்வளவுதான் அந்த வித்தை.

பாகூர்:
லோயரிங் ஸ்ப்ரிங் போட்டதா சொல்லியிருக்கீங்க, நல்லது. ஸ்ப்ரிங்கைக் கட்டர் வெச்சு அறுத்து இறக்கின வண்டியா இருந்தா இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. ஜாக்கியில் தூக்கினா சுருள் இருக்கையை விட்டு நழுவும், இடமும் வலமும் ஒரே உயரத்தில் நிக்காது. முதல்ல ஸ்ப்ரிங், அப்புறம் ரிம்.

அரியாங்குப்பம்:
கணக்கு முடிஞ்சதும் வண்டியில் வெச்சுப் பார்க்கணும். கடைக்காரர் ஒரே ஒரு ரிம்மை டயரோட முன்பக்கம் மாட்டித் தர ஒத்துக்கிட்டாத்தான் அட்வான்ஸ். ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை வெச்சு, அந்த முன் சக்கரத்தை 10 செ.மீ. உயரக் கட்டை மேல ஏத்துங்க. ஸ்டீயரிங்கை இடம், வலம் ரெண்டும் கடைசி வரை திருப்புங்க. பெரும்பாலும் உரசுறது ஃபென்டர் மேலே இல்லை. சக்கரத்துக்குப் பின்னாடி லைனரின் (ஃபென்டருக்கு உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் மறைப்பு) கீழ் மூலையில்தான், ரிவர்ஸில் முழுசாத் திருப்பும்போது.

பின்பக்கத்தை ஆள் இல்லாம பார்க்கவே கூடாது. மூணு பேர் பின்னால உட்கார்ந்து, டிக்கியில் சுமை வெச்சு, ஃபென்டர் மடிப்பின் உள்பக்கம் களிமண் உருண்டை ஒட்டி, ஊருக்குள்ள ரெண்டு ஸ்பீடு பிரேக்கர் மெதுவா ஏறி இறங்கினா போதும். களிமண் இல்லைன்னா சப்பாத்தி மாவு, வீட்டில் திட்டு விழும். மாவு நசுங்கி 5 மி.மீ.க்குக் குறைஞ்சா அந்த ஆஃப்செட் வேண்டாம். "ஃபென்டர் மடிப்பை உருட்டித் தட்டிடலாம்"னு வருவாங்க. ஹீட் கன்னால் பெயிண்டைச் சூடு பண்ணாம மடிச்சா பெயிண்ட் வெடிக்கும், நம்ம கடல் காத்தில் வெடிச்ச இடத்தில் துரு சீக்கிரம் பிடிச்சுடும்.

முதலியார்பேட்டை:
யாரும் சொல்லாத ஒண்ணு, ஹப் போர், அதாவது ரிம்மின் நடு ஓட்டை. ஸ்விஃப்ட் ஹப் 54.1 மி.மீ. வெளி ரிம்கள் பல வண்டிக்கும் சேர்த்து 73.1 ஓட்டையோட வரும். நடுவில் ஹப் ரிங் இல்லைன்னா ரிம் நட் மேலதான் நடுநிலை பிடிக்குது; 80–90இல் ஸ்டீயரிங் நடுங்கும், பேலன்சிங் எத்தனை தடவை பண்ணினாலும் தீராது. 73.1–54.1 ரிங் நாலு, அலுமினியத்தில் கேளுங்க.

நட் மாருதிக்கு எம்12, 1.25 மரை. ஹோண்டா, ஹூண்டாய் 1.5. 1.5 நட் இதில் ரெண்டு சுத்து கையால் ஏறும், அப்புறம் இறுகும்; அங்கேயே நிறுத்துங்க, ஸ்பானரால் அழுத்தினா ஸ்டட் மரை போச்சு.

டயரில் லோடு எண்ணும் பாருங்க. உங்க 88ன்னா 560 கிலோ. 205/45 ஆர்17இலும் 88தான், ஆனா எக்ஸ்எல் (கூடுதல் காத்து அடிச்சு சுமை தாங்குற வகை). சாதாரண டயர் 36 பிஎஸ்ஐயில் தாங்குற அதே 560ஐ இது 42இல்தான் தாங்கும். அதனால் கதவுத் தூணில் போட்டிருக்கிற காத்தை அப்படியே அடிச்சா குறைச்சல், கொஞ்சம் கூட வேணும். 195/55 ஆர்16இல் 87, 545 கிலோ. ஸ்விஃப்ட்டின் எந்த அச்சிலும் ஒரு டன் வராது, தாராளம். பலேனோவுக்குக் கம்பெனியிலேயே வர்ற அளவுங்கிறதால டயர் கிடைக்கிறதும் சுலபம்.

நெல்லிக்குப்பம்:
அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும் வெச்சு யோசிங்க. புதுவையில் இந்திரா காந்தி சிலை சந்திப்பு, ரெயின்போ நகர்ல தண்ணி நின்னா பள்ளம் தெரியாது. கரும்பு டிராக்டருக்கு ஒதுங்கினா தார் விளிம்பிலிருந்து இறங்கி ஏறணும். 45 டயர்ல அந்த விளிம்பு ஒண்ணு போதும். உள்ளே நூல் அறுந்து சைடுவாலில் கோழிமுட்டை மாதிரி புடைக்கும். அதுக்கு ஒட்டு கிடையாது, டயரையே மாத்தணும். ரிம் உள்விளிம்பு வளைஞ்சா காத்து வாரம் ஒரு தரம் இறங்கும், வெளியே ஒண்ணும் தெரியாது. வால்வு மேல பழி போட்டு ரெண்டு வால்வு மாத்தினப்புறம்தான் பல பேர் உள்பக்கம் பார்க்கிறாங்க.

அலைன்மென்ட் இறக்கின உடனே ஒண்ணு, 500 கி.மீ. ஓடி ஸ்ப்ரிங் உட்கார்ந்தப்புறம் ஒண்ணு. இறங்கினா டை ராடு (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோட இணைக்கிற கம்பி) சாய்வு மாறி டோ (மேலிருந்து பார்த்தா சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிக்கிறது) மாறிடும். கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தா சக்கரத்தின் சாய்வு) ஒரு டிகிரி நெகட்டிவ்ல, அதாவது மேல்பக்கம் உள்ளே சாய்ஞ்சா, டயரைத் தின்னாது, டோதான் தின்னும். டயர் மேல உள்ளேயும் வெளியேயும் கையால தடவுங்க. ஒரு பக்கமாத் தடவும்போது மட்டும் ரம்பம் மாதிரி கீறினா டோ தப்பு.

லாஸ்பேட்டை:
புரிஞ்சுதுண்ணா. 16, 6.5ஜே, ஆஃப்செட் 40, 195/55. களிமண் பார்த்துட்டுத்தான் காசு. ஸ்டெப்னி 15 இன்ச் அப்படியே இருக்கலாமா?

முதலியார்பேட்டை:
இருக்கட்டும், உயரம் அரை மி.மீ.தான் வித்தியாசம். ஆனா புது ரிம்முக்கு வர்ற ஒல்லி நட் ஸ்டெப்னியின் இரும்பு ரிம்மில் சரியா உட்காரணும்னு இல்லை. பழைய நட் நாலை ஒரு பையில் போட்டு ஜாக்கியோட டிக்கியில் வெச்சுடுங்க.