புதுப்பிப்பு: மரப் புரொப்பல்லரின் எண்ணைப் படித்தாகிவிட்டது

இங்கிலாந்தில் ஏலத்தில் எடுத்த நான்கு இதழ் மரப் புரொப்பல்லர், நடுவில் கடிகாரம் பொருத்தியது, எந்த விமானத்துடையது என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது. உதவிய அனைவருக்கும் நன்றி.

வார்னிஷைச் சுரண்டச் சொன்ன யோசனையை நல்லவேளையாகக் கேட்கவில்லை. பலித்தது, அறையை இருட்டாக்கி டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்கச் சொன்னதுதான். இதழ்கள் சேரும் நடுக்குடத்தில் நான் 'ஐ (I) 28096' என்று படித்தது உண்மையில் 'டி (T) 28096'; எழுத்தின் மேல்கோட்டை வார்னிஷ் அடைத்திருந்தது. பக்கத்திலேயே எஞ்சினின் பெயர் 'ஆர்.ஏ.எஃப். 1ஏ', அதன் குதிரைத்திறன் '90 எச்.பி.'.

டி 28096 என்பது தொடர் எண் அல்ல, இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் இருந்த ராயல் ஏர்கிராஃப்ட் ஃபேக்டரி என்ற விமானத் தொழிற்சாலையின் வரைபட எண். அந்த எஞ்சின் பூட்டிய பி.இ.2சி, பி.இ.2இ என்ற முதல் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் விமானங்களுக்கானது. ஒரே வரைபடத்தை வைத்துப் பல பட்டறைகள் செய்ததால், செய்தவர் பெயரை வைத்து விமானத்தைத் தேடினால் வழிதவறும். நான் இரண்டு வாரம் தவறினேன். 1916 செப்டம்பர் 3 அன்று எஸ்.எல்.11 என்ற ஜெர்மன் வான்கப்பலை வீழ்த்தியதும் ஒரு பி.இ.2சி தான். என்னுடையது அதிலிருந்து வந்தது என்று யாரும் கிளப்பிவிட வேண்டாம்!

எதிர்பாராதது ஒன்று: கடிகாரத்தைக் கழற்றினால், அதற்காகத் துளையைக் குடைந்தவர் ஆய்வு முத்திரை ஒன்றில் பாதியைத் தின்றுவிட்டிருக்கிறார். அந்த முத்திரையில் 'ஏ.ஐ.' என்ற எழுத்துகள் மட்டும் மிச்சம்.