தொழிலிலும் குடும்பத்திலும் ஆண்டவர் ஆசீர்வாதம்: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

தங்கச்சிமடத்தான்

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன முதல் வாரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கரையில் கிடந்தால் வீடு என்ன பாடுபடும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். ஃபாதர் வந்து படகை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். அந்தோணியார் படத்துக்கு மாலை போட்டு, மீன்துறையில் டோக்கன் வாங்கிக் கிளம்பினோம். இராத்திரி முழுக்க வலை இழுத்தும் மடியில் காரல் பொடி மீனும், விலை போகாத கழிவு மீனான சங்காயமும்தான். இறால் ஒரு கூடைகூடத் தேறவில்லை. டீசல் காசுக்கே காணாது.

கரைக்கு வந்ததும் படகுக்காரர், எங்கள் சம்மாட்டி, கூடையைக் கவிழ்த்தார். இருந்ததிலேயே பெரிய இறாலாகப் பார்த்துப் பொறுக்கித் தனியாக ஒரு தட்டில் வைத்தார். கோயில் பங்கு. விரலில் கயிறு அறுத்த காயம், உப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்துப் போயிருந்தது. அந்த விரலால், தலை ஒடியாமல், ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தாச்சு, நோட்டு வாங்கக் காசில்லை. "முதல்ல டீசல் கடனைக் கழிக்கலாமே சம்மாட்டி" என்றேன். அவர் நிமிரவே இல்லை. "போன ஆறு பேரும் வந்துட்டோம்லடா, அதுக்கு" என்றார்.

அதே வாரம்தான் பக்கத்துப் படகு எல்லை தாண்டியதாகச் சொல்லிப் பிடிபட்டது. ஆட்கள் அக்கரையில், இலங்கைச் சிறையில். அந்த வீட்டுப் பெண்கள் கோயில் வாசலில் செபமாலையும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அந்தத் தட்டுதான் என் கண்ணில் வந்து நின்றது.

மண்டபம் மருமகள்

அண்ணே, உங்கள் சம்மாட்டி பெரிய மனுஷர். ஆனால் பங்கு எடுத்து வைத்தால்தான் ஆண்டவர் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பார் என்று யாரும் இதைப் படித்துவிடக் கூடாது. பிடிபட்ட படகுக்காரர்களும் கொடுத்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

நாங்கள் சி.எஸ்.ஐ. சபை. என் மாமியார் கடல்பாசி எடுக்கப் போகிறவர். விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி முங்கினால் மேலே வர நேரமாகும், பார்க்கிற நமக்குத்தான் மூச்சு முட்டும். கல்யாணமான புதிதில் எனக்கும் வீட்டுக்காரருக்கும் ஓயாத சண்டை. ஒரு நாள் அழுத முகத்தோடு மாமியார்கூடப் போனேன். எதுவும் கேட்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கியதும் நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சத்தமாக ஜெபம் பண்ணினார்: "ஆண்டவரே, என் மகன் வாயைக் கட்டும். இந்தப் பிள்ளை அழாமச் சாப்பிடணும்." கூட வந்த பெண்கள் எல்லாருக்கும் கேட்டது. ஒரு மாமியார் பெற்ற மகனுக்கு எதிராக மருமகள் பக்கம் நின்று கடவுளிடம் பேசுவதை அதுவரைக்கும் நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த ஆசீர்வாதம் எது என்று கேட்டால் அந்த ஜெபத்தைத்தான் சொல்வேன்.

திருவாடானை விவசாயி

கடல்காரர்களே பேசுகிறீர்கள், மிளகாய்க்காரன் நான் ஒன்று சொல்கிறேன். ஓரியூர். அருளானந்தர் என்கிற ஜான் டி பிரிட்டோ சாமியார் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டுப்பட்ட இடம், அவர் இரத்தம் சிந்தித்தான் அந்த மண் சிவந்தது என்பது எங்கள் நம்பிக்கை. புரட்டாசி மாதம், விதைப்புக்கு முன்னால் போயிருந்தேன். தொண்டிப் பக்கத்து ஆள் ஒருவர், குலசாமி அய்யனார் என்றார். துண்டை விரித்து முண்டு மிளகாய் விதையைக் கொட்டி, அதில் செம்மண்ணைத் தூவிப் பிசைந்துகொண்டிருந்தார். அவர் சம்சாரம் அதே மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து, தூங்குகிற பிள்ளையின் நெற்றியில் பூசியது. விதைக்கும் பிள்ளைக்கும் ஒரே மண். இவ்வளவுதான். வருஷா வருஷம் விதைக்கும்போது ஞாபகம் வந்துவிடுகிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர், பரமக்குடி

எல்லாம் படித்தேன். மண்டபத்துத் தங்கச்சி சொல்வதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. கொடுப்பது வியாபாரம் இல்லை, சரி. ஆனால் முதலில் எடுத்து வைக்கும் பழக்கம் மனிதனைத் திருத்தும். 128ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். கைப்பாடுபட்டதைச் சாப்பிடுவாய் என்று முதலில் உழைப்பு வருகிறது, அதற்கப்புறம்தான் மனைவி, பந்தியைச் சுற்றிப் பிள்ளைகள். என் மாணவன் ஒருவன் கடலுக்குப் போய் வந்த காசை மனைவி கையில் கொடுத்து எண்ணச் சொல்வான். நான் நேரில் பார்த்தது.

தம்பிமாருக்குச் சில வார்த்தை. தடைக்கால நிவாரணம் இப்போது குடும்பத்துக்கு 8,000 ரூபாய் வருகிறது. அது வருவதற்கு முன்னாலேயே அதன்மேல் கடன் வாங்காதீர்கள். சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் சந்தா கட்டாதவர்கள் கட்டுங்கள், பெண்களுக்கும் தனியாக உண்டு. வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால் அவன் சொன்ன விலைக்குத்தான் மீனைப் போட வேண்டும், வீட்டில் கலந்து பேசாமல் வாங்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசையோ ஆராதனையோ, குடும்பத்தோடு போங்கள். குடிக்கிறவர்கள் தடைக்காலத்திலேயே விடப் பாருங்கள், சும்மா இருக்கும் நாட்களில்தான் அது பிடிக்கும். இராத்திரி கடலுக்குப் போகிறவர் கிளம்பும் முன் பிள்ளைகள் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டுப் போகட்டும். பேதுரு இராமுழுக்கப் பாடுபட்டும் ஒன்றும் அகப்படாமல் கரையில் வலை அலசியவர்தான். இயேசு ஏறினது அந்த வெறும் படகில்.

பாம்பன் பிள்ளை

ஆசிரியர் ஐயா, முன்பணம் வாங்காமல் வலை எதில் வாங்குவது? சொல்வது சுலபம். தங்கச்சிமடம் அண்ணே, அந்தப் படகு ஆட்கள் வந்துவிட்டார்களா, அதைச் சொல்லவே இல்லையே?

தங்கச்சிமடத்தான்

வந்துவிட்டார்கள் தம்பி. படகு அங்கேயே கிடக்கிறது. ஜூலை 25 வேர்க்காடு சந்தியாகப்பர் திருவிழாவுக்கு அந்தக் குடும்பங்கள் எல்லாம் நேர்ச்சை செலுத்த வந்திருந்தன. அதில் ஒருவர் இப்போது எங்கள் படகில்தான் வருகிறார். போன வாரம் நல்ல மீன்பாடு, மகளுக்கு நோட்டும் பையும் வாங்கியாச்சு. கோயில் பங்கு பொறுக்குகிற வேலையை சம்மாட்டி அவரிடம் கொடுத்திருக்கிறார்.