பெரியப்பா தோட்டத்துச் சாளை விடுதியானது

ஊர்ச் சொந்தங்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆனைமலைப் பக்கம் உள்ள பெரியப்பா தோட்டத்துச் சாளை, அதாவது தோட்டத்து வீடு, சுற்றுலா விடுதியாகிவிட்டதால் விவசாயமே போய்விட்டது என்று நம்மில் பலர் வருந்துகிறோம். அந்தத் தோட்டத்தில் ஆளரவம் குறைந்தது விருந்தினர்கள் வந்த பிறகு அல்ல, தென்னை வந்தபோதே என்பது என் கருத்து.

நிலக்கடலையும் பருத்தியும் விளைந்த காலத்தில் களை வெட்டவும் காய் பறிக்கவும் ஆண்டு முழுவதும் ஆட்கள் வேண்டியிருந்ததால், பண்ணையாட்கள் குடும்பத்தோடு சாளையை ஒட்டியே தங்கியிருந்தார்கள். (அந்த நாட்களை நினைத்து நாம் ஏங்குவதுபோல் அவர்கள் ஏங்குவார்களா என்பது வேறு விஷயம்.) 1960-களில் பரம்பிக்குளம் - ஆழியாறு வாய்க்காலில் தண்ணீர் வந்தது உண்மைதான். ஆனால் ஆயக்கட்டை, அதாவது வாய்க்கால் பாசன நிலங்களை, மண்டலங்களாகப் பிரித்து முறைவைத்துத் திறப்பதால், நம் முறை வராத காலத்தில் வெள்ளாமை வைப்பது துணிச்சலான காரியம். தென்னையோ ஆழ்குழாய்க் கிணற்றின் சொட்டுநீரைக் கொண்டே அடுத்த முறை வரை தாக்குப்பிடிக்கும். ஆட்களும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய்விட, 45 நாட்களுக்கு ஒருமுறை காய் போட வெளியாட்கள் வந்தால் போதும் என்றாயிற்று. சாளையும் கட்டுத்தரையும் காலியானது அப்போதுதான்.

2016-இல் தென்னையைத் தாக்கும் சுருள் வெள்ளை ஈ இந்தியாவிலேயே முதலில் நம் பொள்ளாச்சிப் பகுதியில் கண்டறியப்பட்டது. வாடல் நோயும் சேர்ந்துகொள்ளவே, காய் வருமானத்தை மட்டும் நம்ப முடியாமல் அண்ணன் காலி அறைகளைச் சீர்செய்தார். விருந்தினர்களின் கார் மரத்தடியில் ஓர் இரவு நின்றால் ஈக்கள் சொரியும் பிசுபிசுப்பு கண்ணாடி முழுக்கப் படிந்துவிடுகிறது. அதனால் தனியாகத் தகரக் கொட்டகை போட்டிருக்கிறார். மரத்தில் கட்டிய மஞ்சள் ஒட்டுப்பொறி அட்டைகளை அலங்காரம் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. விவசாயத்துக்குத் தரும் இலவச மின்சாரத்தை விடுதிக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதால், அறைகளுக்கும் குளியல் தொட்டிக்கும் வணிகக் கட்டணத்தில் தனி இணைப்பு வாங்கியிருக்கிறார்.

டாப்சிலிப், வால்பாறை போகிறவர்கள் வார இறுதியிலும் மே மாதத்திலும்தான் வருகிறார்கள். மற்ற நாட்களில் அறைகள் பூட்டியே கிடக்கின்றன. எனவே தென்னைக்கு ஊடே ஜாதிக்காய் வைத்திருக்கிறார்கள். அரிசிம்பருப்புச் சோறு ஆக்கவும் அறைகளைப் பெருக்கவும் ஊர்ப் பெண்கள் வருவதால், தென்னை மட்டும் இருந்த நாட்களைவிட இப்போது அங்கே ஆள் நடமாட்டம் கூடுதல்.

சொந்தக்காரர்களிடம் வாடகை வாங்கப் பெரியம்மா ஒப்புவதே இல்லை. ஆகவே விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்கள் சனி, ஞாயிறு நீங்கலாக மற்ற நாட்களில் வந்து தங்கினால் அண்ணனுக்கு உதவியாக இருக்கும்.